இருவாச்சிக் கப்பல்

அலகுதான் வனிதாவைப் படாதபாடு படுத்தியது. உடம்பு மளமளவென்று வந்துவிட்டது. இறக்கைகளும் மழை பிடிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன. அலகு மட்டும் வளைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பிளாக்குகளில் முக்கால்வாசி சதுரமும் செவ்வகமும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படிக்கட்டு வருமே தவிர, பறவையின் மூக்கு வராது.

அவள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு விண்வெளிக் கப்பல். பந்தலூர்ப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் எஸ்டேட் ஃபேக்டரிக்குப் போகிற வழியில் ஒரு காட்டத்தி மரம் உண்டு. அது பழுக்கும் காலத்தில் இருவாச்சிப் பறவைகள் வரும். தலைக்கு மேல் அவை பறந்து போகும்போது இறக்கைச் சத்தம் ரயில் இன்ஜின் மூச்சு விடுவதுபோலக் கேட்கும். கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டை போட்ட இறக்கை, வாழைப்பழம்போல வளைந்த மஞ்சள் அலகு, அந்த அலகின் மேல் கவிழ்த்து வைத்த தொப்பி. ஒருநாள் மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது, அந்தத் தொப்பிக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே ஃபேக்டரி ஆபீஸ் கம்ப்யூட்டரில், டீ பிரேக்கில், ஒரு கோட்டுப்படம் போட்டுப் பார்த்தாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணம் ஆன பிறகு சம்பளப் பட்டியலைத் தவிர வேறெதையும் கம்ப்யூட்டரில் தட்டாத கை, அன்று சந்தோஷமாக ஓடியது.

ஊட்டியில் ஒரு ரிசார்ட்டை மூடியபோது, குழந்தைகள் அறையில் கிடந்த பிளாக்குகளை மூட்டைகளாகக் கட்டி வெளியே வைத்திருந்தார்கள். சவாரி போயிருந்த அவள் கணவன் பாலகுமார் அவற்றைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். "பொழுது போகலன்னு சொன்னியே, இந்தா" என்று விளையாட்டாகத்தான் இறக்கினான். இவ்வளவு தூரம் போகும் என்று அவனும் நினைக்கவில்லை.

கடைசியில் அலகுக்கு ஒரு வழி பிறந்தது. பிளாக்குகளை நிமிர்த்தி அடுக்காமல் படுக்கவைத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு மயிரிழை சாய்த்து அடுக்கினாள். வளைவு வந்துவிட்டது. அன்று வீட்டுக்குள் தனியாகக் கைதட்டிக்கொண்டாள். பாலகுமார் அதைப் படம் எடுத்துக் கோயம்புத்தூரில் பிளாக் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். அவர்கள் நடத்தப்போகும் கண்காட்சிக்குக் கொண்டு வரச் சொல்லிப் பதில் வந்தது. சொந்த வடிவமாக இருக்க வேண்டும், பெட்டியோடு விற்கிற மாதிரியைப் பார்த்துக் கட்டியதாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அந்த விஷயத்தில் வனிதாவுக்குப் பயமே இல்லை.

பயமெல்லாம் கப்பலின் நடுமுதுகில் இருந்தது. கப்பல் நாலடி நீளம் வந்துவிட்டது. அவ்வளவு நீளத்துக்கு ஒரே சட்டம் அவளிடம் இல்லை. இரண்டு நீளச் சட்டங்களை நடுவில் பின் போட்டு இணைத்திருந்தாள். மேசைமேல் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. தூக்கினால் தாங்குமா என்பது தூக்கினால்தான் தெரியும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இன்னொரு வருத்தமும் வீட்டுக்குள் இருந்தது. மாமனார் காத்தமுத்துவும் அவளும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிலோன் தோட்டத்தில் பிறந்து, இளவட்டமாக இந்தப் பக்கம் வந்து, எஸ்டேட்டிலேயே உழைத்து ஓய்ந்த மனிதர். காது மந்தம். காதில் வைக்கும் மெஷினைப் பகலில் கழற்றி முன்னறை ஜன்னலில் வைத்துவிடுவார். ஒருநாள் கீழே கிடந்த பிளாக் ஒன்று அவர் குதிகாலில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. கோபத்தில், நிறம் வாரியாக, அளவு வாரியாக அவள் பிரித்து வைத்திருந்த தட்டுகளை எல்லாம் ஒரே சாக்கில் கவிழ்த்துக் கொட்டிவிட்டார். "சின்னப்புள்ளைங்க சாமான் இது. புள்ள குட்டி இல்லாத ஊட்டுல இது எதுக்கு?" என்று கேட்டார். முதல் வாக்கியத்தை வனிதா பொறுத்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாடு வைப்பாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. அவரும் தானாகப் பேசவில்லை. தூங்கி எழுந்ததும் "புள்ள, தேத்தண்ணி!" என்று லயத்து வீட்டு வரிசையே அதிரக் குரல் கொடுப்பதோடு சரி.

கண்காட்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை. மத்தியானம் பாலகுமார் தெர்மோகோலும் பெரிய அட்டைப்பெட்டியும் வாங்கக் கூடலூருக்குப் போயிருந்தான். வெளியே சாரல். முன்னறையில் காத்தமுத்து தன் இரும்புக் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வனிதாவின் போன் சார்ஜரில் சொருகியபடி அவர் கால்மாட்டில் கிடந்தது. கப்பல் இருந்தது எதிர்ச்சுவரோரம், ஒரு தகர மேசைமேல். பின்னால் சமையலறை. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு பழைய சேலைத் திரைதான்.

தூக்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஒரு கையை அலகுக்குப் பின்னால், ஒரு கையை வாலுக்கு முன்னால் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். கப்பல் மேசையை விட்டுக் கிளம்பியது. தாங்கியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்படியே ஒரு அரைவட்டம் திரும்பி, வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள்.

அப்போது வீட்டுக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

ஆனி மாதம். பின்னால் இருக்கும் பலாமரத்திலிருந்து பழம் விழுவது புதிதில்லை. ஆனால் அடுத்தபடி கிளை முறிந்தது. முறிந்த கிளை தரையில் இழுபட்டது. அப்புறம் ஒரு நெடிய மூச்சு, லாரி பிரேக்கில் காற்று இறங்குவதுபோல. சேலைத் திரைக்குப் பின்னால் சமையலறை வெளிச்சம் மெல்ல மங்கியது. ஜன்னலை எதுவோ மறைத்துக்கொண்டு நின்றது.

வனிதா கட்டில் பக்கம் பார்த்தாள். கட்டிலில் கிடந்த போன் திரை மினுங்குவதும் அணைவதுமாக இருந்தது. வனத்துறை வாட்சர்கள் நடத்தும் யானை எச்சரிக்கைக் குழுவின் செய்திகள். கொஞ்ச நேரமாகவே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. ஒற்றைத் தந்த யானை, ஒற்றைக் கொம்பன்தான். அந்தப் பக்கம் தனியாகச் சுற்றுவது அது ஒன்றுதான். போன மழையில் கீழ்ப் பாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சுவரை அரிசிக்காக இடித்தது. உள்ளே இருந்தவர்கள் சத்தம் போடாமல் முன்வாசல் வழியாக வெளியேறியதால் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் இன்னொரு வீட்டில் பயந்துபோய்ச் சட்டியைத் தட்டினார்கள். அந்த வீட்டைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை.

சத்தம் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் நின்றது.

சரியாக அந்த நேரத்தில், அவள் கைகளுக்கு நடுவே, டிக் என்று ஒரு சின்னச் சத்தம். நடுமுதுகின் பின் ஒன்று நழுவிவிட்டது. கப்பலின் வயிறு ஒரு விரற்கடை கீழே தொங்கியது. இன்னும் கொஞ்சம் தொங்கினால் மொத்தமும் சிமெண்டுத் தரையில் கொட்டும். ஆயிரக்கணக்கான பிளாக்குகள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டு தவறி விழும்போதெல்லாம் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

மேசைக்கே திரும்பக் கொண்டுபோகலாமா? அது ஒரு கால் ஆடும் தகர மேசை. தொட்டாலே கடகடக்கும். குனிந்து தரையில் வைக்கலாம் என்றால், குனிகிற குனியில் நடுவயிறு விட்டுவிடும். கட்டில்தான். மெத்தைமேல் வைத்தால் சத்தம் வராது. மாமாவின் கால்மாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. நாலு எட்டுதான். வனிதா கால் பெருவிரலால் தரையைத் தடவித் தடவி நடந்தாள். கப்பலின் கனம் கைகளை இழுத்தது. பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. வியர்வையில் விரல் வழுக்கியது. திரைக்கு அந்தப் பக்கம், சுவரை எதுவோ உரசிக்கொண்டு நகர்ந்தது. பழைய காலத்தில் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய சுவர். உரசலில் காரை பொலபொலவென்று உதிர்வது கேட்டது.

கட்டிலை அடைந்துவிட்டாள். அப்போதுதான் காத்தமுத்து கண்ணைத் திறந்தார்.

அவர் எழுந்து உட்கார்ந்ததில் கட்டில் கிறீச்சென்றது. திரைக்கு அப்பால் உரசல் சத்தம் நின்றது. அதாவது, அதுவும் காது கொடுத்துக் கேட்கிறது. கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமப்போகிறார். செருமினால் அடுத்தது தேத்தண்ணி. வனிதா கண்ணை உருட்டினாள், தலையை ஆட்டினாள், உதட்டைக் குவித்தாள். இரண்டு கையும் கப்பலில் மாட்டியிருக்கும்போது விரலை எப்படி உதட்டில் வைப்பது? மருமகளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல அவர் அவளை வெறித்துப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

வனிதா யோசிக்கவில்லை. கப்பலின் வால் பக்கத்தை அவர் மடியில் திணித்தாள்.

"பு…" என்று வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. கனம் அவர் எதிர்பார்க்காதது. விழப்போகிற குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டார். தாங்கிய பிறகு, எங்கே உடைத்துவிடுவோமோ என்ற பயத்தில் மூச்சுகூட விடவில்லை. வனிதாவுக்கு ஒரு கை விடுதலை ஆனது. விரலை உதட்டில் வைத்தாள். பிறகு திரையைக் காட்டினாள். முழங்கையை மூக்கருகே வைத்து, கையைத் தொங்கவிட்டு ஆட்டினாள்.

காத்தமுத்துவின் முகம் மாறியது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. மெல்லத் தலையாட்டினார்.

வனிதா அந்தக் கையைக் கப்பலின் நடுவயிற்றுக்கு அடியில் கொடுத்தாள். இருவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு, நடுவில் அந்தக் கறுப்புப் பறவையைத் தாங்கிக்கொண்டு, சிலையானார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, அவள் குனிந்தபடி. ஒரு மாதத்துக்குப் பிறகு மாமனாரின் முகத்தை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். கீழுதடு துடித்துக்கொண்டிருந்தது.

சமையலறை ஜன்னல் கம்பி வளைந்தது. அது முறியும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. திரைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வனிதாவுக்கு அது தெரிந்தது. சாம்பல் நிறத் தும்பிக்கை ஒன்று, ஈரமும் மண்ணுமாக, அடுப்பு மேடையிலிருந்து கீழே வழிந்து, தரையை முகர்ந்து முகர்ந்து ஊர்ந்தது. எண்ணெய்ச் சட்டி விழுந்தது. ஒரு டம்ளர் உருண்டு, திரையைத் தாண்டி, முன்னறைக்குள் வந்து நின்றது. தும்பிக்கை திரையைத் தொட்டது. சேலை உள்பக்கமாக ஒருமுறை உப்பி, இறங்கியது. வாசனையை உறிஞ்சுகிறது. புளித்த பழமும் சாணமும் கலந்த வாடை அறை முழுக்க நிறைந்தது.

காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை நடுக்கத்தில் கப்பலின் வாலிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாக் கழன்றது. அது அவர் வேட்டியில் விழுந்தது. சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் வேட்டியில். அவர் முழங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார், ஒன்றுகூடத் தரைக்குப் போகாதபடி.

தும்பிக்கை பின்வாங்கியது. உப்பு ஜாடி இழுபடுவது கேட்டது. வனிதா வாசல் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. கையெட்டும் தூரம் இல்லை. கப்பலை மெத்தையில் வைத்துவிட்டு, மாமாவைக் கையைப் பிடித்து எழுப்பி, தாழ்ப்பாளை நீக்கி… தாடையால் மெத்தையைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டார். இருவரும் சேர்ந்து இறக்கத் தொடங்கினார்கள். நூல் பிடித்ததுபோல, இரண்டு பக்கமும் சமமாக.

போன் அடித்தது.

ஃபேக்டரி மெஷின் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று அவள் எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கும் போன். நாதஸ்வரமும் தவிலுமாக அந்தச் சின்ன அறையில் கல்யாணமே நடந்தது. திரையில் பாலகுமாரின் பெயர். குழுவில் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதறி அடித்திருக்கிறான்.

பின்சுவர் ஒரு முறை அதிர்ந்தது. மேலிருந்து சீட்டுக் கூரையின் துண்டு ஒன்று விழுந்து உடைந்தது. இரண்டாவது இடியில் சமையலறைச் சுவர் உள்ளே வந்தது. கல்லும் மண்ணும் பாத்திரங்களும் ஒன்றாகச் சரிந்து, தூசி திரையைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குள் பாய்ந்தது. யானை பிளிறியது. அது காதால் கேட்கிற சத்தமாகவே இல்லை, நெஞ்சுக்கூட்டில் அடித்தது.

"மாமா, போடுங்க! போட்டுட்டு ஓடியாங்க!" என்று வனிதா கத்தினாள்.

அவர் போடவில்லை. எழுந்தார், வேட்டி மடிப்பையும் சுருட்டிப் பிடித்தபடி, கப்பலோடு. அவள் ஒரு கையால் தாழ்ப்பாளை உருவிக் கதவை உதைத்தாள். இன்னொரு கை அலகை விடவில்லை என்பது அவளுக்கே அப்போது தெரியாது. இருவரும் மழைக்குள் வந்து விழுந்தார்கள். எதிரே, சரிவின் மேலே மாரியாயி அக்காவின் கான்கிரீட் வீடு. அதற்குப் போகக் கற்படிகள். மாரியாயி மாடியில் நின்று, "மேல வாங்க! மேல வாங்க அண்ணே!" என்று அலறிக்கொண்டிருந்தாள். வனிதா முன்னால் ஏறினாள், மாமனார் பின்னால். படி வழுக்கியது. காத்தமுத்துவின் செருப்பில்லாத கால் ஒருமுறை சறுக்கி, கப்பல் கீழ்நோக்கி இழுத்தது. படக்கென்று நடுவில் விட்டுக்கொண்டது.

இழுவை போனதும் வனிதா முன்னால் குப்புற விழப் போனாள். திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் வாலும் ஒரு இறக்கையும். அவள் கையில் அலகும் தொப்பியும். நடுப்பகுதி கறுப்பும் வெள்ளையுமாகப் படிகளில் சிதறி, மழைத் தண்ணீரோடு உருண்டுகொண்டிருந்தது. கீழே, அவர்கள் வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கொம்பு வெளியே வந்தது.

"மாமா!"

அவர் வாலை மார்போடு அணைத்துக்கொண்டு, எழுபது வயதை மறந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மாரியாயி வீட்டுக் கதவு இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு அடைத்தது.

மாடியிலிருந்து எல்லாம் தெரிந்தது. யானை படிக்கட்டின் அடிவரை வந்தது. சிதறிக் கிடந்தவற்றைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. தின்னக்கூடியதில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய், சமையலறைக்குள் பாதி உடம்பை நுழைத்து அரிசி மூட்டையை இழுத்தது. வாட்சர் மனுவேலும் ஆட்களும் ஜீப்பில் வந்து வெடி போட்ட பிறகு, அவசரமே இல்லாமல், தேயிலைக்குள் இறங்கி ஓடைப் பக்கம் போய்விட்டது.

பாலகுமார் வந்து சேர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. முதலில் அப்பாவைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வனிதாவை. இருவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவன் கண் மாரியாயி வீட்டு நடுக்கூடத்தில் பாயின்மேல் கிடந்த இரண்டு துண்டுகளின்மேல் போனது.

"இதத் தூக்கிட்டா ஓடி வந்தீங்க?"

வனிதா அலகில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன்ல வனிதா? யானை பின்னால வருது, நீ எங்கப்பாவ பொம்மை தூக்க விட்டிருக்க? ஒரு படியில விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? உசுரு போயிருந்தா இது திருப்பிக் குடுக்குமா?"

வனிதா தன் கையைப் பார்த்தாள். போடச் சொன்னேனே என்று சொல்லலாம். ஆனால் அவள் போட்டாளா? அலகை இறுக்கிப் பிடித்த தடம் அவள் உள்ளங்கையில் புள்ளி புள்ளியாக இன்னும் பதிந்திருந்தது. அவன் கேட்டதில் தப்பே இல்லை என்பதுதான் அவளை அழவைத்தது.

"அவ போடத்தான் சொன்னா," என்றார் காத்தமுத்து, தன் வழக்கமான உரத்த குரலில். "எனக்குத்தான் காது கேக்கல."

"காது கேக்கலைன்னா? கைல இருக்குறது என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் அவர். "பொம்மைதான். அதுக்கு என்ன இப்ப?" வேட்டி மடிப்பை அவிழ்த்து, அதில் முடிந்து வைத்திருந்த வெள்ளைப் பிளாக்குகளைப் பாயில் கொட்டினார். "தேத்தண்ணி இருந்தா குடு மாரியாயி. தொண்டை காஞ்சு போச்சு."

பாலகுமார் வெளியே போய்விட்டான். திண்டாட்டமான நாட்கள் அப்புறம். எஸ்டேட்டில் அவர்களுக்கு ஃபேக்டரிக்குப் பக்கத்து வரிசையில் ஒரு வீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கினார்கள். சமையலறை இடிபாட்டிலிருந்து எடுத்ததில் குக்கரும் இரண்டு டப்பாவும்தான் உருப்படி. வனிதா கோயம்புத்தூருக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அங்கே இருந்த பெண், கண்காட்சி அடுத்த ஞாயிறு வரை நடக்கும், இடம் காலியாகவே இருக்கும் என்றாள். வனிதா சரி என்று வைத்துவிட்டாள். போகிற எண்ணம் இல்லை. பிளாக்கைப் பார்த்தாலே சுவர் சரிந்த சத்தம் காதில் வந்தது.

மாரியாயி வீட்டுப் பிள்ளைகளும் வாட்சர்களும் படிகளிலும் தேயிலைச் செடி அடியிலும் பொறுக்கியவற்றை இரண்டு பக்கெட்டில் கொண்டு வந்து புது வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை, சும்மா சேறு போகக் கழுவலாம் என்று உட்கார்ந்தாள். கழுவும்போது உடைந்த இரண்டு முனைகளும் கண்ணில் பட்டன.

மேல் சட்டம், கீழ்ச் சட்டம், பக்கவாட்டுத் தட்டு எல்லாம் ஒரே இடத்தில் விட்டிருந்தன. கத்தியால் வெட்டியதுபோல நேர்க்கோடு. அவள் எல்லா இணைப்பையும் நடுவில், ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருந்தாள். பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று. மொத்தக் கனமும் அந்த ஒரு கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. செங்கல் சுவர் கட்டுகிறவன் யாராவது அப்படி வைப்பானா?

அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், பாலகுமார் பக்கத்தில் வந்து குந்தியதைக் கவனிக்கவில்லை. அன்றைய பேச்சுக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசியிருக்கவில்லை.

"எங்க விட்டுச்சு?" என்று கேட்டான்.

அவள் விரலை வைத்துக் காட்டினாள். "எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்துட்டேன். மேல ஒண்ணு முடியிற எடத்துல கீழ ஒண்ணு நடுவுல வரணும். மாத்தி மாத்தி வச்சிருந்தா விட்டிருக்காது."

"இப்ப மாத்தலாமா?"

"மாத்தலாம். வயித்த முழுசாப் பிரிக்கணும்."

அவன் பக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு நீளச் சட்டத்தை எடுத்து, சட்டைத் துணியால் துடைத்தான். "நான் அன்னிக்குப் பயத்துல பேசினது," என்றான், சட்டத்தைப் பார்த்துக்கொண்டே. "நீ போன எடுக்கல. நானா கற்பனை பண்ணிக்கிட்டு ஓட்டிட்டு வந்தேன் அந்த ரோட்ட. எப்படி வந்தேன்னு தெரியல."

"நீங்க கேட்டது சரிதாங்க. நானும் விடல அத."

"தெரியும். அப்பா சொன்னாரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி." அவன் சட்டத்தை அவளிடம் நீட்டினான். "அடுத்த தடவை விட்டுரு. எது கைல இருந்தாலும்."

"விட்டுர்றேன்," என்றாள். சொல்லும்போது மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

வயிற்றைப் பிரித்துக் கட்டி முடிக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நிறம் பிரிக்கிற வேலையைக் காத்தமுத்து எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, தானாகத் தட்டுகளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். கறுப்பையும் கரும்பச்சையையும் அவருக்கு வேறு பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வனிதா இரண்டாவது முறை திருத்திவிட்டு, சொன்னால் கேட்கட்டும் என்று அவர் காதில் மெஷினை மாட்டிவிட்டாள். ஒரு இறக்கையில் வெள்ளைப் பட்டைக்கு ஆறேழு பிளாக் குறைந்தது. யானை மிதித்துத் தூளானவை. அந்த இடத்தில் பழுப்பு வைத்தாள். அடிபட்ட இறக்கை மாதிரி இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கோயம்புத்தூரில் அந்தக் கூடம் நிறைய ரயில்களும் கோபுரங்களும் கோட்டைகளும். பரிசு எல்லாம் முதல் ஞாயிறே கொடுத்து முடித்திருந்தார்கள். இருந்தாலும் இருவாச்சியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒரு ஆள் தரையோடு தரையாக உட்கார்ந்து அலகின் வளைவையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எப்படிங்க வளைச்சீங்க? பசை கிசை போட்டீங்களா?" என்று கேட்டார். வனிதா ஒரு துண்டைப் பிரித்துக் காட்டி விளக்கினாள். அவர் விடவில்லை. தன் மகளைக் கூப்பிட்டு, அவளுக்கும் ஒருமுறை விளக்கச் சொன்னார். சாயங்காலம் வரை வனிதா பேசிக்கொண்டேதான் இருந்தாள். அடுத்த வருஷத்துக்கும் இப்போதே இடம் ஒதுக்கி வைக்கிறோம் என்று, முன்பு போனில் பேசிய அந்தப் பெண் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் காத்தமுத்து எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டார். யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், யாராவது தொட்டு உடைத்தார்களா. அடுத்த வருஷத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள்.

"அடுத்தது என்ன கட்டப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல மாமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"என்னமோ ஒண்ணு கட்டு. ஆனா கனம் கொறச்சலாக் கட்டு புள்ள. எனக்கும் வயசாவுதுல்ல?"